ஒரு அஞ்சலட்டையின் அதிகாரம்: ஜப்பானின் மாங்கா வார இதழ்கள் இயங்கும் விதம்

டிராகன் பால் என்ற ஜப்பானியத் தொடரைப் பார்த்தவர்கள் யாரும் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். நண்பன் கண்ணெதிரே கொல்லப்பட, நாயகன் கோகு கோபத்தின் உச்சியில் சூப்பர் சையன் என்ற பலமடங்கு வலிமையான வடிவத்துக்கு மாறுகிறான். கருகருவென்று இருந்த முடி பொன்னிறமாகி மேல்நோக்கி எழுந்து நிற்கிறது. அந்த நிறமாற்றத்துக்கு ரசிகர்கள் எத்தனையோ விளக்கம் சொல்வார்கள். வரைந்தவரான அகிரா தொரியாமா சொன்ன காரணமோ மிகவும் சாதாரணமானது. மாங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதை கருப்பு வெள்ளையில் அச்சாகும் பண்டம். கோகுவின் முடிக்குள் ஒவ்வொரு கட்டத்திலும் மை நிரப்புவது உதவியாளரின் நேரத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. முடி பொன்னிறம் என்று வைத்துவிட்டால் காகிதத்தில் அது வெறும் வெள்ளை, மை நிரப்பவே வேண்டாம். சண்டைகள் பெரும்பாலும் பாறையும் பொட்டல்வெளியுமாக இருக்கும் இடங்களில் நடப்பதற்கும் அவர் இதே மாதிரி ஒரு காரணம் சொல்லியிருக்கிறார்: நகரத்தின் கட்டடங்களை வரைந்துகொண்டிருப்பது பெரிய தொல்லை.

இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாரம் தவறாமல் பதினைந்து பக்கத்துக்குக் குறையாமல் வரைந்து கொடுக்க வேண்டிய கட்டாயத்தில், பெரும்பாலும் ஒரே ஒரு உதவியாளரை வைத்துக்கொண்டு வேலை செய்த மனிதர் அவர். நேரம் போதாமல் பிறந்த ஒரு தீர்வு, உலகம் முழுக்கக் குழந்தைகள் வரைந்து பார்க்கும் உருவமாகிவிட்டது.

ஜப்பானிய வெகுஜனக் கலையைப் பற்றிப் பேசும்போது பெரிய கண்கள், சாமுராய் மரபு, ஜென் தத்துவம் என்று விளக்கம் தேடுவது வழக்கமாக இருக்கிறது. அவற்றிலும் ஏதோ உண்மை இருக்கலாம். ஆனால் நாம் அறிந்த மாங்காவுக்கும் அதிலிருந்து பிறந்த அனிமே என்ற அசைவூட்டப் படங்களுக்கும் இந்த வடிவத்தைக் கொடுத்ததில் அவற்றைவிடப் பெரிய பங்கு, மலிவுக் காகிதத்தில் அச்சான ஒரு வார இதழுக்கும் அதோடு சேர்த்து வைக்கப்பட்ட ஒரு அஞ்சலட்டைக்கும்தான் என்பது என் எண்ணம்.

போருக்குப் பிந்தைய ஜப்பானில் சிறுவர் மாங்கா மாத இதழ்களிலும் வாடகை நூலகங்களிலும்தான் வளர்ந்தது. ஒசாமு தெசுகா போன்ற மாங்கா ஓவியர்கள் பெயர் பெற்றது அந்த மாத ஓட்டத்தில்தான். 1950களின் இறுதியில் தொலைக்காட்சி வீடுகளுக்குள் வரத் தொடங்கியது. வாரத்துக்கு ஒருமுறை கதை பார்க்கப் பழகிய பிள்ளைகளுக்கு ஒரு மாதம் காத்திருப்பது கடினமாகிவிட்டது. 1959 மார்ச் 17 அன்று, ஒரே நாளில், இரண்டு பதிப்பகங்கள் சிறுவர் வார இதழ்களைக் கொண்டுவந்தன: கோடான்ஷாவின் ஷோனென் மேகஸின், ஷோகாக்குகானின் ஷோனென் சண்டே.

வார இதழ் கதையோடு வாசகருக்கு இருந்த உறவையே மாற்றியது. 1968இல் மேகஸினில் தொடங்கிய ‘ஆஷித்தா நோ ஜோ’ என்ற குத்துச்சண்டைத் தொடரில், நாயகனின் எதிராளியான ரிக்கிஷி வளையத்தில் மோதி முடிந்ததும் இறந்துபோகிறான். 1970 மார்ச்சில் கோடான்ஷா கட்டடத்திலேயே அவனுக்கு இறுதிச்சடங்கு நடந்தது. கவிஞரும் நாடக இயக்குநருமான ஷூஜி தெராயாமா முன்னின்று நடத்தினார். புத்த பிக்கு வந்து மந்திரம் ஓத, நூற்றுக்கணக்கானோர் அஞ்சலி செலுத்தினார்கள். வாராவாரம் ஒருவனோடு கூடவே வாழ்ந்துவிட்டால் அவன் காகிதத்தில் இருப்பவன் என்பது மறந்துபோகும். தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

இந்தக் களத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்ததுதான் ஷூயிஷாவின் ஷோனென் ஜம்ப். 1968இல் மாதம் இருமுறை இதழாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு வார இதழானது. அதற்குள் பெயர் பெற்ற ஓவியர்கள் எல்லோரையும் மற்ற இரண்டு இதழ்களும் பிடித்து வைத்திருந்தன. முதல் ஆசிரியரான ததாசு நாகானோவின் கைக்குக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் புதியவர்கள். கோ நாகாய், ஹிரோஷி மொதோமியா என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாத இளைஞர்களை வைத்துத்தான் இதழ் ஓடியது. நாகாயின் பள்ளிக்கூடக் கேலித்தொடர் பெற்றோர் சங்கங்களின் கடும் எதிர்ப்பைச் சம்பாதித்தது, இதழின் விற்பனையும் கூடியது.

பெயர் இல்லாதவர்களை வைத்து இதழ் நடத்தும்போது ஒரு சிக்கல் வரும். யார் நன்றாக எழுதுகிறார், யார் இல்லை என்பதை எப்படி முடிவு செய்வது? புகழை அளவுகோலாக வைக்க முடியாது. ஜம்ப் கண்டுபிடித்த வழி வாசகரையே கேட்பது. ஒவ்வொரு இதழிலும் ஒரு அஞ்சலட்டை இருக்கும். அந்த வாரம் பிடித்த மூன்று கதைகளின் எண்களை எழுதி அனுப்ப வேண்டும், அனுப்புபவர்களில் சிலருக்குப் பரிசு உண்டு. மற்ற இதழ்களும் வாசகர் கருத்தைக் கேட்டன. அதை ஏறக்குறைய இறுதித் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டது ஜம்ப்தான். இன்றும் இதழின் அடையாளமாகச் சொல்லப்படும் நட்பு, முயற்சி, வெற்றி என்ற மூன்று சொற்கள்கூட இப்படி வந்தவைதான். எந்தச் சொல் மனதுக்கு இதமாக இருக்கிறது, எது மிக முக்கியம், எது அதிக மகிழ்ச்சி தருகிறது என்று சிறுவர்களிடம் ஷூயிஷா கேட்டபோது கிடைத்த பதில்கள் அவை.

இதன் நடைமுறை இரக்கமில்லாதது. இதழில் ஏறக்குறைய இருபது தொடர்கள் ஓடும். ஒரு புதுத் தொடர் தொடங்கும்போது ஏற்கெனவே இருக்கும் ஒன்று வெளியேற வேண்டும். முதல் சில வாரங்களின் அட்டைகள் வந்து எண்ணப்பட்டதும் தலையெழுத்து ஓரளவு தெரிந்துவிடும். தேறாத தொடர் பத்து வாரம், இருபது வாரத்திலேயே நிறுத்தப்படும். “இனிமேல்தான் நம் உண்மையான போர்!” என்று நாயகன் வானத்தைப் பார்த்துக் குதிக்கும் கடைசிப் பக்கம் ஜப்பானிய வாசகர்களிடையே ஒரு தனிப் பழமொழி போலவே ஆகிவிட்டது. சொல்ல வந்த கதையில் கால்வாசிகூடச் சொல்ல முடியாமல் கிளம்பிப்போன ஓவியரின் விடை அது. தீவிர வாசகர்கள் இதழை வாங்கியதும் பொருளடக்கத்தைப் பார்ப்பார்கள். கதைகளின் வரிசை அட்டை முடிவுகளை ஓரளவு காட்டும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். தங்களுக்குப் பிடித்த தொடர் தொடர்ந்து சில வாரம் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளப்பட்டால் வயிற்றைப் பிசையும்.

அட்டைக்கும் ஓவியருக்கும் நடுவில் நிற்பவர் பொறுப்பாசிரியர். ஒவ்வொரு ஓவியருக்கும் ஒருவர் உண்டு. வசனமும் கட்டங்களும் மட்டும் கிறுக்கிய முன்வரைவை முதலில் அவரிடம் காட்ட வேண்டும். அவர் சரி என்றால்தான் மை தொடலாம். தொரியாமாவின் பொறுப்பாசிரியர் கசுஹிகோ தொரிஷிமா இந்த விஷயத்தில் பெயர் பெற்ற கறார் ஆள். நகோயா பக்கத்திலிருந்து தொரியாமா அனுப்பிய நூற்றுக்கணக்கான பக்கங்களை, முதல் வெற்றி கிடைப்பதற்கு முன்பே அவர் நிராகரித்திருக்கிறார். 1980இல் தொடங்கிய ‘டாக்டர் ஸ்லம்ப்’ தொடரில் விஞ்ஞானிதான் நாயகன் என்பது ஓவியரின் திட்டம். இல்லை, அவர் செய்த ரோபோ சிறுமியை முன்னால் கொண்டுவா என்றார் ஆசிரியர். அது சரியான முடிவு, அந்தச் சிறுமிதான் நாட்டையே பிடித்துக்கொண்டாள். தொரியாமா தன் பங்குக்கு, அதே தொடரில் வரும் கெட்ட விஞ்ஞானிக்குத் தொரிஷிமாவின் முகத்தை அப்படியே வைத்து, பெயரையும் திருப்பிப்போட்டு மஷிரிதோ என்று சூட்டிவிட்டார்.

1984இல் தொடங்கிய டிராகன் பால் இந்த அமைப்பு கதையை எப்படி வளைக்கும் என்பதற்கு நல்ல உதாரணம். ஆரம்பத்தில் அது சீனத்துக் குரங்கரசன் கதையைத் தழுவிய, ஏழு உருண்டைகளைத் தேடிப் போகும் ஒரு வேடிக்கைப் பயணம். அட்டைகளில் அதற்குக் கிடைத்த இடம் திருப்தியாக இல்லை. நாயகனுக்கு என்று ஒரு குணம் வலுவாகத் தெரியவில்லை என்று ஆசிரியர் சொல்ல, இருவரும் யோசித்து, இன்னும் பலசாலியாக வேண்டும் என்பது மட்டுமே கோகுவின் ஆசை என்று வைத்தார்கள். அதற்கு ஏற்ற களமாகத் தற்காப்புக் கலைப் போட்டி ஒன்று கதைக்குள் வந்தது. வாக்குகள் ஏறின.

போட்டி ஏன் இவ்வளவு வேலை செய்தது? ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு மோதல் கிடைக்கும், ஒரு முடிவு கிடைக்கும், அடுத்து யார் யாரோடு என்ற ஆவலும் தானாகவே வந்துவிடும். புதுப் பாத்திரங்களை அறிமுகப்படுத்தத் தனியாக இடம் தேட வேண்டாம். அந்த வாரத்து அத்தியாயத்தை மட்டும் படிக்கும் ஒரு பத்து வயதுப் பையனுக்குக்கூட என்ன நடக்கிறது என்று புரியும், அட்டையில் எண்ணை எழுதிப் போடுவான். அதற்கப்புறம் யு யு ஹகுஷோ, நருட்டோ என்று ஜம்ப்பின் பெரிய தொடர்களில் ஏதாவதொரு வடிவத்தில் போட்டி வந்துகொண்டே இருந்தது. அனிமேவில் ஒரு சண்டை ஏன் பல வாரம் நீள்கிறது, தோற்றவன் ஏன் அடுத்த பகுதியில் நண்பனாகிறான், ஒவ்வொரு எதிரியும் ஏன் முந்தையவனைவிடப் பலசாலியாக இருக்கிறான் என்று கேட்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். ஓடுகிற கதையை நிறுத்த யாருக்கும் மனம் வராது. தொரியாமா ஒருவழியாக டிராகன் பாலை முடித்தது 1995இல், 519 அத்தியாயங்களுக்குப் பிறகு.

அந்த நேரத்தில் ஜம்ப் வரலாறு காணாத உயரத்தில் இருந்தது. 1994 இறுதியில் வெளியான ஒரு இதழ் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதிகள் அச்சானது. வாங்கியவர் ஒருவர் என்றால் படித்தவர் பலர். ரயிலில் ஒருவர் படித்துவிட்டு விட்டுச்சென்றதை இன்னொருவர் எடுப்பார், கடைகளில் நின்றபடியே படித்துவிட்டுப் போகிறவர்களும் ஏராளம். டிராகன் பால் முடிந்து, அடுத்த ஆண்டு ‘ஸ்லாம் டங்க்’கும் முடிந்ததும் விற்பனை மளமளவென்று சரிந்தது. 1997இல் மேகஸின் முந்திக்கொண்டது. ஜம்ப்பை மறுபடி தூக்கி நிறுத்தியவை, அந்த ஆண்டு எயிச்சிரோ ஓடா தொடங்கிய ‘ஒன் பீஸ்’ஸும் அதற்கு ஈராண்டு கழித்து வந்த நருட்டோவும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஐந்நூறு பக்கம் கொண்ட ஒரு இதழை 300 யென் அளவுக்கு விற்றுப் பெரிய லாபம் பார்க்க முடியாது. இதழ் ஒரு விதத்தில் அரங்கேற்ற மேடை. அதில் தேறிய அத்தியாயங்களைச் சேர்த்து, நல்ல காகிதத்தில் சுமார் 200 பக்கத் தொகுதிகளாகப் போடுகிறார்கள். லாபம் அங்கே. அப்புறம் அனிமே, விளையாட்டு, பொம்மை, திரைப்படம். ஓவியருக்கு இதழில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. உதவியாளர்களின் சம்பளம், வேலை செய்யும் இடத்தின் வாடகை எல்லாம் அவர் பையிலிருந்தே போகும். ஆகவே தொடர் ஓடும்போது கையைக் கடிப்பதும் உண்டு. தொகுதிகள் விற்று, விலையில் பத்து சதவீதம் அளவில் உரிமைத்தொகை வரும்போதுதான் மூச்சு விடலாம். பத்து வாரத்தில் நிறுத்தப்பட்டவருக்கு அந்தத் தொகுதியும் ஒன்றோ இரண்டோதான்.

இதற்கு உடல் கொடுக்கும் விலையை யாரும் மறைக்கவில்லை, ஆனால் நெடுங்காலம் அதைப் பெருமையாகவே பேசினார்கள். ஒசாமு அகிமொதோ ‘கொச்சிகாமே’ என்ற போலீஸ் நகைச்சுவைத் தொடரை 1976 முதல் 2016 வரை ஒரு வாரம்கூட விடாமல் எழுதி, 200ஆவது தொகுதியோடு நிறுத்தினார். அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதையே எல்லோருக்கும் அளவுகோலாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு யோஷிஹிரோ தொகாஷி சாட்சி. யு யு ஹகுஷோ உச்சத்தில் இருக்கும்போதே, இனி முடியாது என்று 1994இல் அவரே முடித்துக்கொண்டார். 1998இல் தொடங்கிய ‘ஹன்டர் × ஹன்டர்’ முதுகுவலியால் மறுபடி மறுபடி நின்றது, சில இடைவெளிகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. நாற்காலியில் உட்கார முடியாமல் படுத்துக்கொண்டு வரைந்ததை அவரே சொல்லியிருக்கிறார். ரசிகர்கள் பலர் அவரைச் சோம்பேறி என்று கிண்டல் செய்தது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம். 2022இல் அவர் ட்விட்டரில் கணக்குத் தொடங்கி, வரைந்துகொண்டிருக்கும் பக்கத்தின் ஒரு மூலையை மட்டும் படம் எடுத்துப் போட்டார். சில நாளில் இருபது லட்சத்துக்கும் மேலானோர் பின்தொடர்ந்தார்கள்.

அட்டைக்குப் புலப்படாத கதைகளும் உண்டு. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ எழுதிய ஹஜிமே இசாயாமா அதன் ஆரம்ப வடிவத்தை முதலில் ஜம்ப்புக்குத்தான் கொண்டுபோனார். அது அந்த இதழின் வார்ப்புக்குப் பொருந்தவில்லை. 2009இல் கோடான்ஷாவின் ஒரு மாத இதழில் வெளிவந்து உலகமே பேசும் கதையாயிற்று. மெதுவாகச் சூடேறும் கதை, நாயகன் யார் என்றே சந்தேகம் வரும் கதை, முதல் சில வாரத்தில் தன்னை நிரூபிக்க முடியாது. அவற்றுக்கு மாத இதழ்களும் பெரியவர்களுக்கான இதழ்களும் புகலிடமாக இருந்தன. சிறுமிகளுக்கான மாங்கா தனக்கென்று வேறு இதழ்களில், வேறு வேகத்தில் வளர்ந்தது. அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்த அமைப்பின்மேல் எனக்கு மரியாதை இருப்பதற்குக் காரணம், பத்து வயதுப் பிள்ளையின் விருப்பத்தை அது முழுமனதோடு நம்பியது. பிள்ளைகளுக்கு எது நல்லது என்று பெரியவர்கள் முடிவு செய்யும் உலகில், ஒரு பெரிய நிறுவனம் தன் வியாபாரத்தை அவர்கள் கையெழுத்தில் வந்த மூன்று எண்களின்மேல் வைத்தது. அந்த நம்பிக்கைக்குப் பிள்ளைகள் தந்த பதில் 2011இல் செண்டாய் நகரத்தில் தெரிந்தது. மார்ச் 11 பூகம்பத்துக்கும் சுனாமிக்கும் பிறகு அங்கே சரக்கு வருவது நின்றுவிட்டது. திறந்திருந்த ஒரு சிறிய புத்தகக் கடைக்கு, பக்கத்து மாநிலமான யமகாதாவரை போய் அந்த வார ஜம்ப்பை வாங்கிவந்த வாடிக்கையாளர் ஒருவர் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். புது ஜம்ப் இங்கே படிக்கலாம் என்று கடைக்காரர் வாசலில் எழுதி ஒட்டினார். பிள்ளைகள் பெருங்கூட்டமாக வந்து அந்த ஒற்றைப் பிரதியை மாற்றி மாற்றிப் படித்தார்கள். ஓரங்கள் கிழிந்து, பக்கங்கள் கசங்கிப்போயின. இலவசமாகப் படித்த பிள்ளைகள் அங்கே காசும் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கிழிந்த இதழ் பின்னர் ஷூயிஷாவிடமே போய்ச் சேர்ந்தது.

இப்போது அந்த உலகம் வேகமாக மாறிவருகிறது. அச்சில் வரும் ஜம்ப்பின் விற்பனை 2017இல் 20 லட்சத்துக்குக் கீழே இறங்கியது, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் மாங்கா நலிந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. கொயோஹாரு கொதோகே 2016இல் தொடங்கிய ‘டீமன் ஸ்லேயர்’, 2020இல் புகழின் உச்சத்திலேயே 23 தொகுதிகளோடு முடிந்தது. முப்பது ஆண்டுக்கு முன்பு என்றால் விட்டிருக்க மாட்டார்கள், இழுத்திருப்பார்கள். அதே ஆண்டு வந்த அதன் திரைப்படம் ஜப்பானில் மட்டும் 4,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்து, 2001 முதல் இயக்குநர் மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தின் வசமிருந்த சாதனையை முறியடித்தது. 2025 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த, அதே கதையின் ‘இன்ஃபினிட்டி காசில்’ படத்தைத் தமிழிலேயே குரல்கொடுத்துத் திரையரங்குகளில் வெளியிட்டார்கள். கதையை முடிக்க விட்டது வியாபாரத்தையும் கெடுக்கவில்லை என்று பதிப்பகங்களுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

இன்னொரு மாற்றம் திரையில் நடந்தது. 2014இல் ஷூயிஷா தொடங்கிய ஜம்ப் பிளஸ் என்ற செயலியில் பக்க எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது, ஒரு தொடர் உள்ளே வர இன்னொன்று வெளியேற வேண்டியதும் இல்லை. வாக்கட்டையின் இடத்தை, எத்தனை பேர் திறந்து படித்தார்கள் என்ற கணக்கும் அடியில் எழுதும் கருத்துகளும் பிடித்துக்கொண்டன. 2019இல் தத்ஸுயா எண்டோவின் ‘ஸ்பை × ஃபேமிலி’ அங்கே தொடங்கியது. உளவாளி, கொலையாளி, மனதைப் படிக்கும் சிறுமி மூவரும் போலிக் குடும்பமாக வாழும் கதை. அது வாராவாரம் வருவதில்லை, பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒரு அத்தியாயம். வாசகர்கள் கைவிடவில்லை, இந்தத் தலைமுறையின் பெரிய வெற்றிகளில் ஒன்றாயிற்று. அச்சு இதழிலும் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஓடா சில அத்தியாயங்களுக்கு ஒருமுறை ஒரு வாரம் ஓய்வெடுக்கிறார். 2023இல் கண் அறுவை சிகிச்சைக்காக ஒரு மாதம் நிறுத்தினார். ஹன்டர் × ஹன்டர் இனி வாரத் தொடராக வராது என்று ஜம்ப்பே அறிவித்துவிட்டது.

ஆனால் இந்தச் சலுகை எல்லாம் இதுவரை பெயர் பெற்றவர்களுக்குத்தான். 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஒருவர் ஒரு மாதம் விடுப்பு கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். முதல் தொடர் தொடங்கியிருக்கும் இருபத்திரண்டு வயதுக்காரர் மூன்றாவது வாரத்தில் காய்ச்சலில் விழுந்தால் அவர் நிலை என்ன? முதல் பத்து வாரமும் தவறாமல் நின்று காட்டினால்தான் பதினோராவது வாரம் உண்டு என்ற கணக்கு அச்சு இதழில் பெரிதாக மாறவில்லை. புதியவர்களுக்கும் முதல் தொடரிலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்ற வசதியை அச்சு ஜம்ப் கொடுக்க வேண்டும். செயலியில் அது நடக்கிறது, வாசகர்கள் காத்திருக்கிறார்கள். அச்சில் தயங்குவதற்கு இனி நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.